உஷார் தம்பி! போட்டு அவனுது, கேஸ் உனக்கு!

பழவேற்காட்டுக் குப்பங்களில் வயசுப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்களே, அக்காக்களே! அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம், எந்தக் குப்பமாக இருந்தாலும் சரி. படித்ததைப் பிள்ளை காதிலும் போடுங்கள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள்.

ஒரு வேலை வரும். தேன் மாதிரி வரும்.

"தம்பி, நாகப்பட்டினத்துல ஒரு போட்டு நிக்குது. கிருஷ்ணபட்டினத்துல கொண்டுபோய் விடணும். ரெண்டு நாள் வேலை. கையில பதினஞ்சாயிரம். டீசல் நம்மளுது, பேட்டா தனி. விட்டுட்டு பஸ் ஏறி வந்துடு." கூடவே கொசுறாக ஒரு பட்டமும் கிடைக்கும்: டெலிவரி கேப்டன்!

வேலை தப்பான வேலை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு ஓர் ஊரில் கட்டப்படும், இன்னோர் ஊரில் விலைபோகும். யாராவது ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கத்தான் வேண்டும். வெளிநாடுகளில் பாய்மரப் படகுகளையும் சொகுசுப் படகுகளையும் இப்படிக் கொண்டுசேர்ப்பதையே தொழிலாக வைத்துக் கௌரவமாக வாழ்கிறவர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கும் அதற்கான கை இருக்கிறது. மீசை முளைக்கும் முன்பே சுக்கான் பிடித்தவர்கள்.

அந்தக் கையைத்தான் திருட்டு வேலைக்காரர்கள் குறி வைக்கிறார்கள்.

ஏன் நம்மைத் தேடி வருகிறார்கள் தெரியுமா? நம் நிலைமை அவர்களுக்குத் தெரியும். முகத்துவாரம் மணல் மேடிட்டுத் தூர்ந்தால் ஏரியில் இறாலும் இல்லை, நண்டும் இல்லை. ஏரியில் வலை போடப் பாடு முறை. நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடல் பக்கம் போகாதே என்பார்கள். கடன்காரன் மட்டும் எந்தத் தடைக்காலமும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் பதினைந்தாயிரம் என்று ஒருத்தன் சொன்னால், யாருடைய போட்டு என்று கேட்க வாய் வருமா?

வராது. ஒரு தம்பிக்கு வரவில்லை.

பெயர் வேண்டாம், குப்பமும் வேண்டாம். வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. கல்யாண வயசில் தங்கை. காசிமேட்டு டீக்கடையில் பழக்கமான ஒருத்தர் சொன்னார் என்று கிளம்பினான். கையில் கொடுத்தது ஆர்.சி.யின் ஜெராக்ஸ். அதுவும் பாதி மங்கல். "ஒரிஜினல் ஓனர் வீட்ல இருக்கு, அங்க போனதும் தருவாங்க" என்றார்கள். அம்மா வாசலில் நின்று, "யாரு போட்டுடா?" என்று கேட்டாள். "சேட்டு போட்டும்மா" என்றான். எந்தச் சேட்டு? அவனுக்கே தெரியாது.

பைபர் போட்டு. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் பதிவு எண் பளிச்சென்று இருந்தது. அவன் கை வைத்தபோது பெயின்ட் ஒட்டியது. அந்த நொடியில் அவன் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. என்ஜினில் நம்பர் தகடு இருக்கும் இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம். அதையும் பார்த்தான். உப்புக் காற்றில் அரித்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வழியிலேயே போலீஸ் மறித்துவிட்டது. புது பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் வேறொரு நம்பர். திருட்டுப் போனதாகப் புகார் இருந்த படகு. டீக்கடையில் பழகிய ஆளுக்குப் போன் போட்டால், ஸ்விட்ச் ஆஃப். சேட்டு? அப்படி ஒருவரே இல்லை. படகில் இருந்தது யார்? இவன். சுக்கான் யார் கையில்? இவன் கையில்.

ஜாமீனில் வந்துவிட்டான். ஆனால் கேஸ் விட்டுப் போகவில்லையே. கப்பல் வேலைக்குப் போக ஆசைப்பட்டவன் அவன். பாஸ்போர்ட் எடுக்கப் போனான். போலீஸ் விசாரணையில் கேஸ் வந்து நின்றது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது. அந்தப் பதினைந்தாயிரத்தில் அட்வான்ஸ் இரண்டாயிரம்தான் அவன் கைக்கு வந்தது. வக்கீலுக்கு அதைவிடப் பல மடங்கு போய்விட்டது.

படகில் இருப்பவன்தான் மாட்டுவான். கரையில் இருப்பவன் மாட்டமாட்டான்.

எனக்கு நடக்காது என்று நினைக்கும் தம்பிகளுக்கு: 2017-ல் நடந்தது. பிரேசில் நாட்டுக்காரர்கள் 3 பேர். படகோட்டுவதில் பிரியம். கேப்டன் லைசென்ஸ் வாங்கக் கடலில் இத்தனை மைல் ஓட்டிய அனுபவம் வேண்டும் என்பதால் டெலிவரி வேலை தேடினார்கள். கவனியுங்கள், தொழிலைத் தொடங்குகிறவர்கள். 'ரிச் ஹார்வெஸ்ட்' என்ற பாய்மரப் படகை அட்லாண்டிக் கடலைக் கடந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை கிடைத்தது. ஆள் எடுத்தது ஒரு டெலிவரி கம்பெனி. விளம்பரம் இருந்தது, எல்லாம் முறைப்படி இருந்தது போலத்தான் தெரிந்தது. கிளம்பும் முன் பிரேசில் போலீசே படகைச் சோதனை போட்டது. ஒன்றும் சிக்கவில்லை. இதைவிட என்ன நம்பிக்கை வேண்டும்?

நடுக்கடலில் என்ஜின் மக்கர் செய்தது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவில் ஒதுங்கினார்கள். அங்கே போலீஸ் படகைப் பிரித்துப் பார்த்தது. தரைக்கு அடியில் ரகசிய அறைகள். உள்ளே ஒரு டன்னுக்கும் மேல் கொக்கைன்!

உரிமையாளர் அங்கே இல்லை. ஓட்டி வந்தவர்கள் இருந்தார்கள். 2018 மார்ச்சில் 3 பேருக்கும், கூட இருந்த பிரெஞ்சு கேப்டனுக்கும் தலா 10 ஆண்டு சிறைத் தண்டனை. "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் அழுததும், குடும்பங்கள் நாடு விட்டு நாடு ஓடி வழக்கு நடத்தியதும் பெரிய கதை. 2019-ல்தான் வெளியே வர முடிந்தது. படித்த பிள்ளைகள், வசதியான குடும்பம், பத்திரிகைகளின் ஆதரவு எல்லாம் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. நம் குப்பத்துப் பிள்ளைக்கு வேறு நாட்டு ஜெயிலில் யார் போய் நிற்பார்கள்?

வேறு நாட்டை விடுங்கள். நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தாய் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். தெரியாது என்று நிரூபிப்பது உன் பொறுப்பு. ஹெராயின் 250 கிராம், கஞ்சா 20 கிலோ தாண்டினாலே அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு. ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒளிக்க இது பெரிய பொட்டலமா என்ன? 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் காவல் படை மடக்கிய இலங்கைப் படகு ஒன்றில் சுமார் 100 கிலோ ஹெராயின் இருந்தது. துப்பாக்கிகளும் ஒரு சாட்டிலைட் போனும் இருந்தன.

சாட்டிலைட் போன்! தம்பி, இந்த இடத்தைத் திரும்பப் படி. "கடல்ல சிக்னல் இருக்காது, இதை வெச்சுக்கோ" என்று எவனாவது துரயா மாதிரி சாட்டிலைட் போனைக் கையில் கொடுத்தால், தொடாதே. இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். போதைப்பொருள் இல்லை, திருட்டு இல்லை, அந்த ஒரு போனே போதும் உன்னை உட்கார வைக்க. 2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் வந்தது 'குபேர்' என்ற மீன்பிடிப் படகில். குஜராத் மீனவர்களிடமிருந்து கடத்திய படகு. அதன் தலைவனைக் கொன்று படகிலேயே போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, பேப்பர் இல்லாத படகு என்றால் காவல் படைக்குச் சின்ன விஷயமே கிடையாது.

தூத்துக்குடிக் கதை இன்னொன்று, வயிற்றைக் கலக்கும். 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைப் பிடித்தார்கள். கடற்கொள்ளையருக்கு எதிராகக் காவல் போகும் தனியார் கப்பல். ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை என்று வழக்கு. 35 பேர் கைது, அதில் 12 பேர் இந்தியர்கள். சம்பளத்துக்கு வந்தவர்கள். 2016 ஜனவரியில் 5 ஆண்டு தண்டனை. 2017 நவம்பரில் மதுரை ஐகோர்ட் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. விடுதலைதான். ஆனால் போன 4 வருஷம்? ஆயுதம் என்று வந்தால் பெரிய கம்பெனி, சிறிய கம்பெனி எல்லாம் ஒன்றுதான்.

ஆள் ஏற்றும் வேலை அதைவிட மோசம். 2019 ஜனவரியில் கேரளாவின் முனம்பத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகு கிளம்பியது. விலை கொடுத்து வாங்கிய படகுதான். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை, குழந்தைகளோடு, நியூசிலாந்துப் பக்கம் கொண்டுபோவதாகச் சொல்லி ஏற்றினார்கள். அவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். அந்தப் படகு கரை சேர்ந்ததாகத் தகவலே இல்லை. நடுவழியில் "நாலு பேர் ஏறுவாங்க, கண்டுக்காதே" என்று சொன்னால், தம்பி, அது மீன்பிடிப் படகு இல்லை. படகைக் கரைக்குத் திருப்பு.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இதோ அறிகுறிகள். ஒன்று இருந்தாலும் விலகு. இரண்டு இருந்தால் ஓடு.

கூலி ஊர்க் கூலியை விட இரண்டு மடங்கா? அந்த எக்ஸ்ட்ரா காசு உன் திறமைக்கு இல்லை, நீ கேள்வி கேட்காமல் இருப்பதற்கு.

ஆர்.சி. ஜெராக்ஸ்தானா? வேண்டாம். படகின் இரண்டு பக்கத்திலும் எழுதிய எண் ஆர்.சி.யில் உள்ள பதிவு எண்ணோடும், என்ஜின் தகட்டில் உள்ள எண் ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். உரிமையாளரின் ஆதார் பெயரும் ஆர்.சி. பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போதுதான் வாங்கினார் என்றால் விற்றவரின் கையெழுத்துப் பத்திரம் எங்கே? பெயர் மாற்ற மீன்வளத் துறையில் மனு கொடுத்த ரசீது எங்கே?

உரிமையாளரைப் பார்க்கவே முடியவில்லையா? வெறும் குரல்தானா? ஒவ்வொரு முறையும் வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிடுகிறாரா?

ராத்திரியில்தான் கிளம்ப வேண்டும் என்கிறார்களா? துறைமுகத்தில் டோக்கன் போடாதே, சங்கத்தில் சொல்லாதே, வீட்டில்கூடச் சொல்லாதே என்கிறார்களா? வீட்டில் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அவன் உன் நல்லதுக்குச் சொல்லவில்லை.

"இந்த அறையைத் திறக்காதே, பூட்டிதான் இருக்கும்." போச்சு! படகின் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்க்க உனக்கு உரிமை உண்டு. மீன் அறை, ஐஸ் பெட்டி, டீசல் டேங்க், என்ஜின் அறை, தரைப் பலகை. புதிதாகப் பைபர் ஒட்டிய இடம் இருக்கிறதா? டேங்கின் வெளி அளவுக்கும் உள்ளே பிடிக்கும் டீசலுக்கும் பொருத்தம் இல்லையா? பார்த்ததை எல்லாம் போனில் வீடியோ எடுத்து, கிளம்பும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடு. "கொஞ்சம் மஞ்சள் மூட்டைதான்", "பீடி இலைதான்", "காய்ந்த அட்டைதான்" என்பார்கள். கடல் அட்டையை எடுப்பதும் விற்பதும் 2001-லிருந்து தடை. மஞ்சளும் பீடி இலையும் படகில் இலங்கைக்குப் போனால் அது கடத்தல்.

தெற்கே போகும் வேலை என்றால் இன்னும் ஒரு பயம். இலங்கை எல்லைக் கோடு கடலில் வரைந்து வைத்திருக்காது. 2024 பிப்ரவரியில் இலங்கையின் ஊர்காவற்றுறை நீதிமன்றம் நம் மீனவர்களை விடுவித்தபோது, படகை ஓட்டியவர்களை மட்டும் பிரித்துச் சிறைக்கு அனுப்பியது. 6 மாதம். கூட இருந்தவர்கள் வீட்டுக்கு, ஓட்டியவன் ஜெயிலுக்கு! கேப்டன் என்ற பட்டத்தின் அர்த்தம் அங்கே இதுதான்.

கொச்சி, கன்னியாகுமரிப் பக்கம் வாங்கிய படகைச் சென்னைப் பக்கம் கொண்டுவர இரண்டே வழி. ஒன்று பாம்பன் கால்வாய், இல்லாவிட்டால் இலங்கையைச் சுற்ற வேண்டும். உயரமான படகு என்றால் பாம்பன் ரயில் பாலத்தைத் தூக்கினால்தான் கடக்க முடியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் உன் அவசரத்துக்குத் தூக்காது. துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, தூக்கும் நாள் வரும்வரை நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நாட்களின் சாப்பாட்டுக் காசு யாருடையது? கிளம்பும் முன்பே எழுதி வாங்காவிட்டால் உன் கூலியிலிருந்துதான் போகும்.

கடலைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. வாடை எப்போது எழும்பும், கச்சான் எப்போது அடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த கடல் வேறு, தெரியாத கடல் வேறு. தெரிந்த படகு வேறு, நேற்றுப் பார்த்த படகு வேறு. நம் முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணல் திட்டு மாதத்துக்கு ஒரு இடம் மாறும். உள்ளிருந்து தண்ணீர் வற்றி வெளியே பாயும்போது எதிரே காற்று அடித்தால் அலை நெட்டுக்குத்தலாக நிற்கும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, இதே பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க ஏறியவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். நம் ஊரிலேயே இப்படி என்றால், வேறு ஊர் முகத்துவாரத்தில் அறிமுகமில்லாத படகோடு இருட்டில் நுழைவதை நினைத்துப் பாருங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்காமல், விடியாமல் நுழையவே கூடாது.

தெற்கே இறங்கினால் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குக் கப்பல் வரும் வழி. 2017 ஜனவரி 28 விடிகாலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு பெரிய கப்பல்களே ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது மறந்திருக்காது. கப்பலுக்குக் கப்பலே தெரியவில்லை. விளக்கில்லாத பைபர் போட்டு தெரியுமா? தடைக்காலத்தில் விசைப்படகை நகர்த்துவதாக இருந்தால் மீன்வளத் துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கயிறு அவிழ்க்கக் கூடாது.

இன்னொன்று சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கடலில் காணாமல் போனவன் சட்டத்துக்கு இறந்தவன் இல்லை. உடல் கிடைக்காவிட்டால், 7 வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கருதச் சட்டம் வழி விடுகிறது. அதுவரை அவன் பெயரில் இருக்கும் ஒவ்வொரு காசுக்கும் வீட்டிலிருப்பவள் அலைய வேண்டும். மீன்பிடிக்கப் போனான் என்றால் மீனவர் விபத்துக் காப்பீடு என்று ஒரு பிடி இருக்கும். யாருக்கோ போட்டு ஓட்டப் போனான் என்றால்? அந்தப் பயணத்துக்கு யார் காப்பீடு போட்டார்கள்? காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு வேலையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முறையாகப் போகலாம். பத்தாவது பாஸ் என்றால் சிஃப்நெட் என்ற மத்திய அரசுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தலைமையிடம் கொச்சி, கிளை சென்னையிலேயே உண்டு. வெசல் நேவிகேட்டர், மரைன் ஃபிட்டர் என்று இரண்டு வருஷப் படிப்புகள். அதற்குப் பிறகு கடல் அனுபவம் சேர்த்து, மேட், ஸ்கிப்பர் பரீட்சை எழுதலாம். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. போய் விசாரித்தால் வழி சொல்வார்கள். அனுபவம் வாய்ந்த டிரைவரோடு இரண்டாம் ஆளாகப் போய்ப் பழகட்டும். முதல் ஓட்டத்திலேயே தனியாகப் போட்டைக் கொடுக்கிறவன் உன்னை நம்பிக் கொடுக்கவில்லை. நீ மாட்டினாலும் அவனுக்கு நஷ்டமில்லை என்று கொடுக்கிறான்.

வெளிநாட்டுக் கப்பல் என்று வந்தால் சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம் வேண்டும், அதை மத்திய அரசின் டி.ஜி. ஷிப்பிங் அலுவலகம் வழியாக மட்டும்தான் எடுக்க வேண்டும். "அறுபதாயிரம் கொடு, சி.டி.சி. வீட்டுக்கு வரும்" என்பவன் கொடுப்பது வெறும் காகிதம். ஆள் எடுக்கும் ஏஜென்ட்டிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உரிமம் உள்ளவர், வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது என்பது விதி. காசு கேட்டாலே ஆள் போலி. 2020-ல் கொரோனா நேரத்தில் ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போய் நூற்றுக்கணக்கான தமிழ் மீனவர்கள் மாட்டிக்கொண்டதும், கடற்படைக் கப்பல் ஜலஷ்வா போய்த் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்ததும் நினைவிருக்கும். ஒவ்வொரு முறையும் கடற்படைக் கப்பல் வராது.

அம்மாக்களே, பிள்ளை கிளம்பும்போது சோற்று மூட்டை கட்டும் கையோடு இவற்றையும் வாங்கி வையுங்கள். ஒரிஜினல் ஆர்.சி.யின் போட்டோ. உரிமையாளரின் ஆதார் நகல். எங்கிருந்து எங்கே, எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாள். கூடப் போகிறவர்களின் பெயரும் போன் நம்பரும். மீனவர் அடையாள அட்டை அவன் பையில் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று. பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் அதே இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி படகில் இருக்கிறதா, பேட்டரி வேலை செய்கிறதா என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். போகும் தகவலை ஊர்ப் பஞ்சாயத்திலும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் சொல்லிவிட்டுப் போகட்டும். இதையெல்லாம் கேட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று பிள்ளை கோபப்படுவான். போகட்டும். கேட்டதும் கைவிட்டுப் போகிற வேலை எதுவோ, அதிலிருந்துதான் அவனைக் காப்பாற்றச் சொல்கிறேன்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. கரையிலோ கடலிலோ சந்தேகமான படகு, சந்தேகமான ஆள் என்றால் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் இப்போதே அவன் போனிலும் உங்கள் போனிலும் போட்டு வையுங்கள்.